பாதிரியார் கையெழுத்தில் பாட்டன் பெயர்

டெக்சாஸ், நியூ மெக்சிகோ, கலிபோர்னியா பக்கம் வாழும் மெக்சிகோ வம்சாவளியினரில் பலர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஸ்பானிஷ் சொற்களை மனப்பாடம் செய்ய உட்காருகிறார்கள். அன்றாடப் பேச்சுக்கு அவர்களுக்கு ஆங்கிலம் போதும். இருநூறு முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு மெக்சிகோ கிராமத்துக் கோயிலில் எழுதப்பட்ட ஒரு பத்தியை வாசித்துவிட வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பத்தியில் தங்கள் குடும்பப் பெயர் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் அது ஒரு பிறப்பைச் சொல்கிறதா, சாவைச் சொல்கிறதா என்பதே புரியவில்லை. அதனால் அபுவேலோ என்றால் தாத்தா, பிஸ்அபுவேலோ கொள்ளுத்தாத்தா, தாத்தராபுவேலோ எள்ளுத்தாத்தா என்று தொடங்குகிறார்கள். அடுத்து கைம்பெண், ஞானத்தாய், இரட்டைப் பிள்ளை, காலரா.

இந்த முயற்சியை நான் மிகவும் மதிக்கிறேன். செத்துப்போனவர்களுக்காக ஒரு மொழியைப் படிப்பது பெரிய காரியம். ஆனால் அதில் ஒரு கவலையும் இருக்கிறது. இப்படிப் படிக்கும் சொற்கள் உறவுச் சொற்களாகத் தோன்றினாலும், பெரும்பாலும் அவை அந்தக் குடும்பத்தார் வாயிலிருந்து வந்தவை இல்லை. குடும்பத்தை எதிரே நிறுத்தி எடைபோட்டவர் எழுதியவை. அவற்றை வாசிக்கிறவர் கையில் தாத்தாவின் பெயர் கிடைக்கும்போதே தாத்தாவைப் பற்றிய ஒரு தீர்ப்பும் கூடவே வந்து சேர்ந்துவிடுகிறது. பெயரை எடுத்துக்கொண்டு தீர்ப்பைத் தள்ளி வைக்க எந்தச் சொற்பட்டியலும் கற்றுத் தருவதில்லை.

முதலில் இந்தப் பதிவேடுகள் எப்படி வந்தன என்று பார்த்துவிடலாம். கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் 1563-இல், ஒவ்வொரு பங்குக் குருவும் ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் பதிவேடு வைக்கவேண்டும் என்று விதித்தது. 1614-இல் வந்த ரோமைச் சடங்கு நூல் அடக்கப் பதிவையும் சேர்த்து, எப்படி எழுதவேண்டும் என்று மாதிரியும் கொடுத்தது. ஸ்பெயின் ஆண்ட இடமெல்லாம் அந்த மாதிரி போனது. பெருவின் மலையூரிலும் மணிலாவிலும் மெக்சிகோவின் வறண்ட வடக்கிலும் ஒரே அச்சில் வார்த்த வாக்கியங்கள்: இந்த நாளில், இந்தக் கோயிலில், நான் இன்னார், இன்னாருடைய பிள்ளைக்கு எண்ணெய் பூசி நீர் வார்த்தேன், ஞானத்தாய் இன்னார். முந்நூறு சொல் தெரிந்தால் முக்கால்வாசிப் பதிவைப் படித்துவிட முடிவது அதனால்தான். யூட்டா மாநிலத்தின் வம்சாவளிச் சங்கம் 1952-இல் மெக்சிகோவின் கோயில் ஏடுகளை மைக்ரோஃபிலிமில் எடுக்கத் தொடங்கியது. இன்று அந்தப் படங்கள் வீட்டுக் கணினித் திரைக்கே வந்துவிட்டன. தாள் எட்டும் தூரத்தில் இருக்கிறது, மொழிதான் தூரத்தில்.

கையெழுத்தும் லேசில் வசப்படாது. மை ஊறிப் பின்பக்கத்து எழுத்து முன்பக்கம் தெரியும். காகிதச் செலவுக்கு அஞ்சிப் பெயர்களைச் சுருக்குவார்கள். பிரான்சிஸ்கோவுக்கு முதலெழுத்துகளும் மேலே தூக்கி எழுதிய ஒரு கடைசி எழுத்தும் போதும். மரியாவுக்கு இரண்டே எழுத்து. ஹிமேனெஸ் என்ற பெயரைத் தகப்பன் பதிவில் ஓர் எழுத்தில் தொடங்குவார்கள், மகன் பதிவில் இன்னோர் எழுத்தில். பழகப் பழக இது சரியாகிவிடும். அதிகம் ஏமாற்றுவது, இன்றும் புழங்குகிற, எளிதாகத் தெரிகிற சொற்கள். வெசினோ என்றால் இன்றைய அகராதியில் பக்கத்து வீட்டுக்காரர். பதிவேட்டில் அது அந்த ஊரில் குடியுரிமையோடு வீடு வாசல் வைத்திருப்பவர். நாத்துரால் என்ற சொல் ஊர்ப் பெயருக்கு முன்னால் வந்தால் அந்த மண்ணில் பிறந்தவர் என்று பொருள். பிள்ளை என்ற சொல்லுக்குப் பின்னால் வந்தால் பொருள் வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு பதிவை நெருங்கிப் பார்ப்போம். 1806 மார்ச் 22. மெக்சிகோவின் வஹாகா மலைப்பகுதியில் சாந்தோ தொமாஸ் இஷ்ட்லான் பங்குக் கோயில். முந்தின நாள் கெலத்தாவோ என்ற சிற்றூரில் பிறந்த ஆண் குழந்தையைக் கொண்டு வந்திருக்கிறார்கள். பெனித்தோ பாப்லோ என்று பெயர். தந்தை மார்செலினோ ஹுவாரெஸ், தாய் பிரிஹிதா கார்சியா. முறையான மணத்தில் பிறந்த முறையான மகன் என்று இரண்டு தடவை அழுத்தி எழுதியிருக்கிறது. பெற்றோர் இந்தியர்கள், அதாவது அந்த மண்ணின் பூர்வகுடிகள். பிறகு தந்தைவழித் தாத்தா பாட்டி, தாய்வழித் தாத்தா பாட்டி என நான்கு பெயர்கள். ஞானத்தாய் அப்போலோனியா கார்சியா. அவளும் இந்தியப் பெண், இன்னாருடைய மனைவி. அவளுடைய கடமைகளையும், குழந்தையோடு அவளுக்கு ஏற்பட்டுவிட்ட ஞான உறவையும் அவளுக்கு எடுத்துச் சொன்னதாக எழுதிக் கீழே கையெழுத்து.

அந்தக் குழந்தைதான் பின்னாளில் மெக்சிகோவின் அதிபரான பெனித்தோ ஹுவாரெஸ். வம்சாவளி தேடுகிறவருக்கு இது புதையல் போன்ற பதிவு: மூன்று தலைமுறை, ஏழு பெயர்கள், இரண்டு ஊர்கள். ஆனால் அந்தக் கோயிலில் அன்று நின்றவர்களை எண்ணிப் பாருங்கள். அவர்கள் பேசியது சபோடெக் மொழி. ஹுவாரெஸ் தன் பிள்ளைகளுக்கு எழுதிவைத்த வாழ்க்கைக் குறிப்பில், தன் ஊரில் ஸ்பானிஷ் தெரிந்தவரைக் காண்பதே அரிது என்று சொல்கிறார். மூன்று வயதில் பெற்றோரை இழந்து சிற்றப்பன் வீட்டில் ஆடு மேய்த்தவர், 1818-இல், பன்னிரண்டு வயதில், வஹாகா நகரத்துக்கு ஓடிப்போனார். ஸ்பானிஷைச் சரியாகக் கற்றது அங்கேதான். ஆக, அவர் பெயரை முதன்முதலாகத் தாளில் ஏற்றிய அந்த ஆறேழு வரியை அவர் தகப்பனோ தாயோ வாசித்திருக்க வழியில்லை. அப்போலோனியாவுக்கு அவள் கடமைகளை எடுத்துச் சொன்னார்களே, எந்த மொழியில் சொன்னார்கள், அவள் என்ன பதில் சொன்னாள்? பதிவேடு ஸ்பானிஷில் முடிந்துவிடுகிறது.

இதே ஹுவாரெஸ்தான் 1859 ஜூலை 28 அன்று, உள்நாட்டுப் போர் நடுவே, வெராக்ரூஸ் துறைமுகத்திலிருந்து குடிமைப் பதிவுச் சட்டத்தை வெளியிட்டார். பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை எழுதும் அதிகாரம் கோயிலிடமிருந்து அரசுக்கு வந்தது. அந்த ஆண்டுக்குப் பிந்திய தேடல் அரசுப் பதிவிலும் நடக்கும். முந்திய காலத்துக்கு நம்பியிருக்க வேண்டியது பாதிரியாரைத்தான்.

பாதிரியார் எழுதிய சொற்களில் மிகக் கனமானது கலிதாத். இன்றைய பொருளில் தரம். பதிவேட்டில் ஆளின் சாதி, நிறம், பிறப்பு ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துக் குறிக்கும் சொல் அது. குழந்தைக்கு என்ன தரம் என்று பார்த்து எழுதினார்கள்: ஸ்பானியர், இந்தியர், கலந்து பிறந்தவர்களுக்கு மெஸ்தீசோ, முலாத்தோ, கஸ்தீசோ, பார்தோ, கொயோத்தே, லோபோ. கடைசி இரண்டும் விலங்குகளின் பெயர்கள். லோபோ என்றால் ஓநாய். பல பங்குகளில் ஏடுகளே தனித்தனி: ஸ்பானியருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று, கலந்து பிறந்தவர்களுக்கு ஒன்று. தாத்தாவைத் தேடுகிறவர் முதலில் எந்த ஏட்டைத் திறப்பது என்று முடிவு செய்யவேண்டும். சாதியால் ஊரையும் சுடுகாட்டையும் பிரித்து வாழ்ந்த சமூகத்திலிருந்து வாசிக்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே கோயில், ஒரே ஞானஸ்நானத் தொட்டி, மூன்று புத்தகங்கள்.

அந்தச் சொற்கள் ரத்தத்தை அளந்து எழுதியவை என்று நம்பினால் தவறிவிடுவோம். மெக்சிகோ விடுதலைப் போரின் தலைவர்களில் ஒருவரான ஹொசே மரியா மொரேலோஸ் 1765 அக்டோபர் 4 அன்று வயாதொலித் நகரில் ஞானஸ்நானம் பெற்றார். அவருடைய பெற்றோரை ஸ்பானியர் என்றே பதிவு சொல்கிறது. அவருடைய முன்னோரில் ஆப்பிரிக்க, இந்திய ரத்தமும் கலந்திருந்தது என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகிறார்கள். யாரும் பொய் சொன்னதாக வைத்துக்கொள்ள வேண்டாம். கொஞ்சம் மரியாதையான குடும்பம், தெரிந்த பாதிரியார், பேனா ஒரு சொல்லை விட்டு இன்னொன்றுக்கு நகர்கிறது. அதே ஆள் குழந்தையில் ஒரு தரமாகவும் கல்யாணத்தில் இன்னொரு தரமாகவும் சாவில் மூன்றாவதாகவும் எழுதப்படுவது அந்த ஏடுகளில் சாதாரணம். 1795-இல் ஸ்பானிய அரசு விலைப்பட்டியலே போட்டது: பார்தோ என்ற தரத்திலிருந்து விடுபட 500 ரெயால், கின்தெரோன் என்ற தரத்திலிருந்து விடுபட 800 ரெயால். பெற்றுக்கொண்டவர்கள் மிகச் சிலர். ஆனால் விலைக்குக் கிடைக்கிற ஒன்றை ரத்தத்தின் உண்மை என்று அந்த அரசே நம்பவில்லை என்பதற்கு அந்தப் பட்டியல் சாட்சி.

மொரேலோஸ் 1810 நவம்பரில், போர்க்களத்தில் இருந்தபோதே, இனி இந்தியர் என்றும் முலாத்தோ என்றும் வேறு சாதிப்பெயர் சொல்லியும் யாரையும் குறிக்கக்கூடாது, எல்லோரும் அமெரிக்கர் என்று ஆணையிட்டார். நாடு விடுதலையானபின் 1822 செப்டம்பர் 17 அன்று மெக்சிகோ காங்கிரசும் ஆவணங்களில் பிறப்பைக் கொண்டு குடிமக்களை வகைப்படுத்துவதை நிறுத்தச் சொன்னது. தேடுகிறவர்கள் சிலர் அந்த ஆண்டுக்குப் பின் தகவல் குறைந்துவிட்டதே என்று வருந்துவதுண்டு. என்னால் அதில் சேர முடியவில்லை. ஒரு குழந்தைக்கு ஓநாய் என்று பெயர் வைக்கும் தகவல் குறைந்தது நல்லதுதான்.

இந்த இடத்தில் நம் கரைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1565 முதல் 1815 வரை மணிலாவிலிருந்து மெக்சிகோவின் அக்கபுல்கோவுக்குக் கப்பல்கள் போய்வந்தன. பட்டும் பீங்கானும் போன அந்தக் கப்பல்களில் அடிமைகளும் போனார்கள். இந்தியக் கடற்கரைகளில் போர்த்துக்கீசியரிடம் சிக்கி மணிலாவில் விற்கப்பட்டவர்கள் அவர்களில் உண்டு. மெக்சிகோவில் இறங்கியதும் அனைவருக்கும் ஒரே பெயர்: சீனர். பியுப்லா நகரில் தவ வாழ்க்கையால் புகழ்பெற்று 1688-இல் இறந்த கத்தரினா தெ சான் ஹுவான் இந்தியாவில் பிறந்தவர். அவரையும் சீனப்பெண் என்றே சொன்னார்கள். 1672-இல் ஸ்பானிய அரசு இந்த ஆசிய அடிமைகளை விடுவித்தது. பிறகு பதினெட்டாம் நூற்றாண்டில் அதே சொல் வேறு ஒரு கலப்பு வகுப்பைக் குறிக்கத் தொடங்கியது. ஆகவே ஒரு மெக்சிகோ குடும்பத்தின் பழைய தாளில் சீனர் என்று கண்டால், எந்த ஆண்டு என்று பார்த்துவிட்டுத்தான் பொருள் சொல்லவேண்டும். அந்தச் சீனர்களில் தமிழ் பேசியவரும் இருந்திருக்கக்கூடும். இருந்தாலும் அந்த ஏடுகளில் அவரைப் பிரித்துக் காட்டும் சொல் கிடையாது.

சாதிக்கு அடுத்தது பிறப்பின் முறை. நாத்துரால் என்ற சொல்லைப் பிறகு சொல்கிறேன் என்றேன். இஹோ நாத்துரால் என்றால், மணம் முடிக்காத, ஆனால் முடிக்கத் தடை ஏதுமில்லாத இருவருக்குப் பிறந்த பிள்ளை. தடை இருந்திருந்தால், அதாவது ஒருவர் வேறொருவரை மணந்தவராகவோ குருவாகவோ இருந்திருந்தால், அதற்கு வேறு கடுஞ்சொற்கள் தனித்தனியாக இருந்தன. பெற்றோர் யாரென்றே தெரியாவிட்டால் கோயிலின் பிள்ளை என்று எழுதுவார்கள். வாசலில் கிடந்து எடுத்த குழந்தை எக்ஸ்போசித்தோ, வெளியே வைக்கப்பட்டவன். தந்தை பெயர் தெரிந்தே மறைக்கப்பட்ட இடங்களும் உண்டு. பணக்கார வீட்டு வாசலில் கிடைத்த குழந்தை சில சமயம் அதே வீட்டுக் குழந்தைதான்.

இந்தச் சொற்களை முதன்முதலில் சந்திப்பவர்கள் அதிர்ந்து போகிறார்கள். எண்பது வயதுக்காரர் ஒருவர் தன் கொள்ளுப்பாட்டியின் பெயருக்குப் பக்கத்தில் அப்படி ஒரு சொல்லைக் கண்டதும் தேடலை மூடிவைத்துவிடுவது நடக்கிறது. அந்த வெட்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது? அந்தப் பெண்ணிடமிருந்து வரவில்லை. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பகலில், ஞானத்தாயையும் கூட்டிக்கொண்டு, எல்லோரும் பார்க்கக் கோயிலுக்கு வந்திருக்கிறாள். அந்தக் குழந்தைக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறாள். எழுதியவரின் சொல்லை விட்டுவிட்டு அவள் செய்ததை மட்டும் பார்த்தால் அந்தப் பதிவில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஸ்பானிய அரசனே 1794-இல் எக்ஸ்போசித்தோ பிள்ளைகளைக் குடிமை உரிமைகளில் முறையாகப் பிறந்தவர்களாகவே கொள்ளவேண்டும் என்று ஆணையிட்டிருந்தான். அரசாணையை விடச் சொல்லுக்கு ஆயுள் அதிகமாக இருந்துவிட்டது.

மெக்சிகோ நகரில் பேராயர் லொரென்சானா 1767-இல் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு ஒரு காப்பகம் தொடங்கினார். அங்கே சேர்ந்த பிள்ளைகளுக்கு அவர் குடும்பப் பெயரையே வைத்தார்கள். 1800-இல் அந்தக் காப்பகத்துப் பிள்ளைகள் சிலரைக் கலிபோர்னியாவில் குடியேற்றக் கப்பலேற்றி அனுப்பியது அரசு. அவர்களில் ஒருத்தி அப்போலினாரியா லொரென்சானா. கிடைத்த தாளிலெல்லாம், சிகரெட் பெட்டி அட்டையில்கூட, எழுத்துகளைப் பார்த்து எழுதி எழுதித் தானே எழுதக் கற்றாள். சான் தியேகோ பக்கத்து மிஷனில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு, பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து வாழ்ந்தாள். அமெரிக்க ஆட்சி வந்தபின் தன் நிலங்களை இழந்தாள். 1878-இல், கண்பார்வை போன முதுமையில், தன் கதையைச் சொல்லி எழுதவைத்தாள். குழந்தைகளை வீடுவீடாகப் பங்கிட்டுக் கொடுத்ததை அதில் அவள் வலி குறையாமல் சொல்லியிருக்கிறாள். கலிபோர்னியாவில் லொரென்சானா என்ற பெயரைப் பின்னோக்கிப் பிடித்துப் போகிறவர் பேராயரின் உறவினர் ஆகமாட்டார். காப்பகத்தின் வாசலுக்குத்தான் போய்ச் சேருவார். அதற்கு அப்பால் தாள் இல்லை.

தாள் ஏராளமாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. அது சொந்தத்தில் கல்யாணம். நாம் முறைப்பெண், முறைமாமன் என்று உரிமை கொண்டாடிய உறவுகள் திருச்சபைக்குத் தடைகள். நான்காம் படிவரை, அதாவது எள்ளுத்தாத்தாவில் ஒன்று சேரும் உறவினர் வரை, விலக்கு இல்லாமல் மணக்க முடியாது. ஞானத்தாய், ஞானத்தந்தை வழி வந்த உறவும் தடைதான். அப்போலோனியாவுக்கு எடுத்துச் சொன்னதற்குக் காரணம் இதுவே. பூர்வகுடிகளுக்கு மட்டும் 1537-இல் போப் மூன்றாம் பவுல் சில படிகளைத் தளர்த்தியிருந்தார். சின்ன ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். அதனால் மாப்பிள்ளையும் பெண்ணும் எப்படி உறவு என்று சாட்சிகளை விசாரித்து, இரண்டு கிளைகள் மேலே போய் ஒரு தலையில் சேரும் வரைபடம் வரைந்து, ஆயருக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். ஏன் இந்தப் பெண்தான் வேண்டும் என்பதற்கும் காரணம் எழுதவேண்டும்: பெண் அநாதை, வயது இருபத்தைந்து தாண்டிவிட்டது, ஊரில் சொந்தமல்லாத மாப்பிள்ளை இல்லை, ஏற்கெனவே கூடி வாழ்ந்து ஊர் பேசிவிட்டது. பிறகு மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்துக் கல்யாணம். குவாதலஹாரா மறைமாவட்டத்தில் இப்படிப்பட்ட கோப்புகள் கட்டுக்கட்டாக எஞ்சியுள்ளன. தடுக்க நினைத்த விதிதான் ஐந்து தலைமுறையை ஒரே தாளில் நமக்கு வரைந்து தந்திருக்கிறது. படிக்கும்போது நெஞ்சைத் தொடுவது வரைபடத்தைவிட அந்தக் காரணங்கள்தான். ஓர் எளிய பெண்ணின் வாழ்க்கை நிலைமை பதிவேட்டு அச்சை மீறி வெளியே வருவது அநேகமாக அந்த ஓரிடத்தில்தான்.

பெண்களைத் தேடுகிறவர்களுக்கு ஸ்பானிய முறையில் இன்னொரு நன்மையும் உண்டு. கல்யாணமானாலும் பெண் தன் தகப்பன் குடும்பப் பெயரை விடுவதில்லை. பாட்டியின் பாட்டியும் தன் சொந்தப் பெயரோடு நிற்கிறாள். அமெரிக்காவுக்குள் வந்தபின்தான் அந்தப் பெயர்கள் கணவன் பெயருக்குள் மறைந்தன. நம்முடைய கொடிவழிப் பட்டியல்களில் ஆண்பெயர்களாகவே இறங்கி வருவதைப் பார்த்துப் பழகிய எனக்கு இது பொறாமை தருகிறது.

அடக்கப் பதிவுகள் சுருக்கமானவை. குழந்தை என்றால் பார்வுலோ, பெரும்பாலும் அதற்குமேல் ஒரு வரிதான். நோயின் பெயர் இருந்தால் இருக்கும்: அம்மை, தட்டம்மை, கக்குவான், விலாவலி. 1833-இல் காலரா வந்தபோது பக்கம் முழுக்க மேலிருந்து கீழ்வரை அதே நோயின் பெயர் இறங்குகிறது. பெரியவர் செத்தால் பாவசங்கீர்த்தனம் செய்தாரா, எண்ணெய் பூசப்பட்டதா, உயில் எழுதினாரா என்று குறிப்பார்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு மிக அதிகமாக வரும் விடை, உயில் எழுதவில்லை, எழுத ஒன்றுமில்லாததால். ஆண்டுக்கணக்கில், ஊர் ஊராக, அதே சொற்றொடர். வாசிக்கிறவர் முதல் தடவை நின்றுவிடுகிறார், ஐம்பதாவது தடவை கண் தாண்டிப் போய்விடுகிறது. அப்படித் தாண்டிப் போகக்கூடாது என்று நினைக்கிறேன். ஒருவர் அறுபது ஆண்டு உழைத்து முடிந்த கணக்கு அந்த வரி. யாருடைய நிலத்தில், யாருக்காக உழைத்தார் என்று பதிவேடு சொல்வதில்லை. ஊரின் பெயருக்கு முன்னால் ஒரு பண்ணையின் பெயர் மட்டும் இருக்கும். அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள் என்று தேடுகிறவர்களிடம் சொல்வேன். அந்தப் பண்ணையின் கணக்குப் புத்தகம் எங்காவது இருந்தால், தாத்தாவின் கடன் அதில் இருக்கும்.

இவ்வளவையும் ஏன் முதுமையில் பட்டியல் போட்டுப் படிக்கவேண்டி வந்தது? 1848-இல் மெக்சிகோவின் வடபாதி அமெரிக்காவின் கைக்குப் போனது. அங்கே இருந்தவர்கள் நகரவில்லை, எல்லைக்கோடுதான் நகர்ந்தது. பள்ளிக்கூடம் ஆங்கிலத்தில் வந்தது. டெக்சாஸ் மாநிலத்தின் மார்ஃபா என்ற சிற்றூரில், மெக்சிகோ வம்சப் பிள்ளைகளுக்கென்று தனியாக வைத்த பிளாக்வெல் பள்ளியில், ஸ்பானிஷ் பேசினால் மரத்தட்டையால் அடி. 1954-இல் அங்கே ஒரு சடங்கு நடத்தினார்கள். பிள்ளைகள் துண்டுத் தாள்களில் ஸ்பானிஷ் குறித்து எழுதினார்கள். அவற்றை ஒரு பெட்டியில் போட்டு, கொடிக்கம்பத்தின் பக்கத்தில் குழி தோண்டிப் புதைத்தார்கள். திருவாளர் ஸ்பானிஷின் இறுதிச் சடங்கு என்று அதற்குப் பெயர். வீட்டில் அம்மா பேசும் மொழிக்குப் பிள்ளைகள் கையாலேயே மண் தள்ளவைத்தார்கள்.

அதே 1954-இல் பக்கத்து மாநிலமான நியூ மெக்சிகோவில், பிரான்சிஸ்கன் துறவியும் கவிஞருமான ஆன்ஹெலிக்கோ சாவெஸ், பழைய ஸ்பானிஷ் கோயில் ஏடுகளைப் பல ஆண்டுகள் துருவி, அந்த மாநிலக் குடும்பங்களின் தோற்றம் பற்றிய பெருநூலை வெளியிட்டார். இன்றுவரை அந்தப் பகுதியில் வம்சாவளி தேடுகிறவர்கள் முதலில் எடுக்கும் நூல் அது. ஓரிடத்தில் குழி தோண்டிய ஆண்டில் இன்னோரிடத்தில் கிளறி எடுத்துக்கொண்டிருந்தார் ஒருவர். மார்ஃபாவில் அன்று அடிபட்டவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அடி விழக்கூடாது என்று வீட்டில் ஆங்கிலம் பேசினார்கள். அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. அந்தப் பிள்ளைகள்தான் இன்று ஓய்வுக்காலத்தில் அபுவேலோ என்றால் தாத்தா என்று எழுதிப் படிக்கிறார்கள். பிளாக்வெல் பள்ளியை 2022-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக்கச் சட்டம் வந்தது. பழைய மாணவர்கள் போராடிப் பெற்றது அது.

ஆனால் ஸ்பானிஷை மீட்டுவிட்டால் மூதாதையரை மீட்டுவிட்டதாக எல்லோரும் சொல்லிவிட முடியாது. இந்தியர் ஏடுகளுக்குள் போகிறவர் சீக்கிரமே ஒரு சுவரில் முட்டுவார். தந்தை ஹுவான் தியேகோ, தாய் மரியா மக்தலேனா, மகன் பெத்ரோ பாப்லோ. எல்லாம் புனிதர் பெயர்கள், குடும்பப் பெயர் கிடையாது, ஒரே ஊரில் ஒரே பெயரில் பதினைந்து பேர். அந்த வீட்டுக்குள் அவர்களை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பது ஸ்பானிஷ் தாளுக்கு வரவேயில்லை.

வேறு தாள்கள் உண்டு. மெக்சிகோ நகருக்குத் தெற்கே குல்வாக்கான் என்ற ஊரில் 1580-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கொள்ளைநோய்க் காலத்தில், சாகக் கிடந்தவர்கள் உள்ளூர் எழுத்தர்களிடம் நாவாட்ல் மொழியிலேயே சொல்லி எழுதவைத்த உயில்கள் கிடைத்திருக்கின்றன. ஏரிப்படுகைத் தோட்டத்தில் இத்தனை பாத்தி மகளுக்கு, இந்த வீடு பேரனுக்கு, இன்னாருக்குத் தரவேண்டிய கடன் இவ்வளவு என்று அவர்கள் குரலிலேயே போகிறது. நாவாட்லில் மகள், தாத்தா என்ற சொற்களைத் தனியாகச் சொல்ல முடியாது. யாருடைய என்பதும் சொல்லோடு ஒட்டியே வரும். சங்கத் தமிழின் எந்தை, நுந்தை, தந்தை போல. வஹாகாவிலும் சபோடெக் மொழியில் எழுதிய உயில்களும் நில விற்பனைப் பத்திரங்களும் எஞ்சியுள்ளன. அவற்றை வாசிக்க உதவும் பழைய அகராதிகள், 1571-இல் வெளிவந்த அலொன்சோ தெ மொலினாவின் நாவாட்ல் அகராதியும் 1578-இல் வெளிவந்த ஹுவான் தெ கொர்தோவாவின் சபோடெக் அகராதியும். இரண்டையும் பயன்படுத்த ஸ்பானிஷ் தெரிந்திருக்க வேண்டும். சிரமப்பட்டுப் படித்த ஸ்பானிஷ் வீண்போகவில்லை. அது இன்னொரு மொழிக்கு வழி.

சபோடெக் அகராதிக்குள் மட்டும் இல்லை. வஹாகா மலையூர்களிலிருந்து லாஸ் ஏஞ்சலசுக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் ஏராளம். அந்த வீடுகளில் பாட்டிமார் சபோடெக் பேசுகிறார்கள், நடுத்தலைமுறை ஸ்பானிஷ், பேரப்பிள்ளைகள் ஆங்கிலம். அறுபது வருஷம் கழித்து இந்தப் பேரப்பிள்ளைகளும் தேடி வருவார்கள். அவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்கும், நாள் இருக்கும், மருத்துவமனைப் பெயர் இருக்கும். பாட்டி தன் தங்கையை என்ன சொல்லிக் கூப்பிட்டாள், மாமியாரை என்ன சொன்னாள், ஊரில் அவர்கள் வீட்டுக்கு என்ன பெயர் என்பவை எந்த ஏட்டிலும் இருக்காது. இப்போது கேட்டால் அந்தப் பாட்டியே சொல்லுவாள். ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். இந்த வருஷமே செய்யவேண்டும்.